சுவர் பூசுவதற்கு முன்னால்...

கிருகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? வாசற்கதவைத் தட்டி, "தேக்குதானே?" என்பார்கள். தரையைத் தடவி, "வழுக்குமோ?" என்பார்கள். மொட்டை மாடிக்கு ஏறி நின்றுகொண்டு, "அடடா, என்ன காற்று!" என்று சிலாகிப்பார்கள். மொட்டை மாடியில் காற்றுக்கு என்ன பஞ்சம்? அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "கிரைண்டரை எங்கே வைக்கப் போகிறாய்? அதற்கு ப்ளக் இருக்கிறதா?" என்று கேட்கிறவர் மட்டும் நூறு பேரில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் அந்தக் கேள்வி தானாகவே வந்து நிற்கும். மிக்ஸி மேடையின் இந்தக் கோடியில். ப்ளக் அந்தக் கோடியில். நடுவில் காஸ் அடுப்பு! வயரை அடுப்புக்கு மேலே தொங்க விடுவதா, பின்னாலே சுற்றுவதா? கடைசியில் கடைக்குப் போய் நீளமான வயர் வைத்த பலகை ஒன்று வாங்கி வருவார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய புது வீட்டில் அந்தப் பலகை ஈரத் தரையில் கிடந்து, பத்து வருஷம் உங்கள் காலில் இடறிக்கொண்டே இருக்கும்.

இது ஏன் நேருகிறது தெரியுமா? வயர் போகும் பாதையை மேஸ்திரியும் வயர்மேனும் உங்கள் வீட்டுக்காரரும் மூன்றே நிமிஷத்தில் பேசி முடித்து விடுகிறார்கள். அந்த வீட்டில் காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை புழங்கப் போகிறவரை யாரும் கூப்பிடுவதில்லை. சகோதரிகளே, கூப்பிடாவிட்டாலும் நீங்களே போய் நில்லுங்கள். இரண்டு நாள் போனால் போதும். முதல் நாள், மேல் தளத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் கொட்டுவதற்கு முந்திய நாள். மின்விசிறி மாட்டும் கொக்கியும், கூரை விளக்குக்குப் போகும் குழாயும் அன்றைக்குக் கம்பிக்குள் வைத்தால்தான் உண்டு. இரண்டாவது நாள், சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிப்பதற்கு முந்திய நாள். சுவர் பூசிய பிறகு நீங்கள் சொல்லும் யோசனை எவ்வளவு உயர்ந்ததானாலும், அதைக் கேட்பதற்குச் சுத்தியலும் உளியும்தான் வர வேண்டும்.

ஜன்னலைப் பற்றிய பேச்சு அதற்கும் முன்னாலேயே, வரைபடம் போடும்போதே முடிந்தாக வேண்டும். அதை மாயவரத்து வீடுகளைக் கொண்டே பார்ப்போம். 1982 முதல் சர்க்கார் காகிதத்தில் மயிலாடுதுறை. 2020 டிசம்பரிலிருந்து தனி ஜில்லாவின் தலைநகரம். பஸ் கண்டக்டருக்கு இன்றைக்கும் மாயவரம்தான்! அங்கே மகாதானத் தெரு, பட்டமங்கலத் தெருப் பக்கங்களில் மிஞ்சி நிற்கும் பழைய வீடுகளில் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். பக்கவாட்டில் ஒரு ஜன்னல்கூட வைக்க வழியில்லை. ஆனாலும் சித்திரை வெயிலில் கூடத்தில் படுத்தால் தூக்கம் வருகிறது. அது எப்படி?

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று எல்லாக் கதவும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். தெருவில் புகுந்த காற்று அந்த வழியே நேராக ஓடிக் கொல்லையில் வெளியேறுகிறது. காற்றே இல்லாத நாளில் முற்றம் வேலை செய்கிறது. சூடேறிய காற்று லேசானதால் மேலே எழும்புகிறது. திறந்த முற்றத்தின் வழியே வெளியே போய் விடுகிறது. அந்த இடத்தை நிரப்பத் தாழ்வாரத்து நிழலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் கிடையாது!

இப்போது பலர் மழைக்கும் திருட்டுக்கும் பயந்து முற்றத்தின் மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு இறுக மூடி விடுகிறார்கள். வெளிச்சம் வருகிறது, வாஸ்தவம். ஆனால் வெயில் உள்ளே வந்து, சூடு வெளியே போக வழியில்லாமல், கூடம் இட்லிப் பானை ஆகி விடுகிறது. மூடத்தான் வேண்டுமென்றால் கூரையை ஓரடி தூக்கி வைத்து, நாலு பக்கமும் கம்பி வலை போட்டுக் காற்றுப் போக விடுங்கள். புது வீட்டில் முற்றம் வைக்க மனை போதாவிட்டால் மாடிப்படிக் கூண்டையே முற்றமாக்கிக் கொள்ளலாம். அதன் உச்சியில் நன்றாகத் திறந்து மூடும் ஜன்னல் இரண்டு வையுங்கள். சாயங்காலம் அவற்றைத் திறந்து விட்டால் கீழ்த் தளத்துப் புழுக்கமெல்லாம் படி ஏறிப் போய் விடும்.

காற்றுக்கு நம் முன்னோர் நாலு பெயர் வைத்தார்கள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. காவிரி டெல்டாவில் இந்த நாலும் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கொண்டு வருவதுபோல் வருகின்றன. ஆனி, ஆடியில் மேல்காற்று. அம்மியே பறக்கும் என்பார்களே, அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு வடகிழக்குக் காற்று. வெயில் காலத்துப் பிற்பகல்களில், சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள தரங்கம்பாடிக் கடலிலிருந்து கிழக்குக் காற்று. எல்லாத் திசைக்கும் ஜன்னல் வைக்க யாருக்கும் வசதிப்படாது. ஆனால் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வாயாவது வேண்டும், அதுவும் வேறு வேறு சுவரில். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைத்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் விடும்.

எவ்வளவு பெரிய ஜன்னல்? நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் திறப்புகளின் பரப்பு தரையின் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. ஆகவே 20 சதுர அடித் திறப்பு. நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்று 16 சதுர அடிதான் ஆகிறது. அதிலும் இந்த நாளில் எல்லோரும் ஆசையாகப் போடும் தள்ளு ஜன்னல், ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் ஒளிந்து கொள்வதால், பாதிதான் திறக்கும்! கீல் வைத்த பழைய மாதிரிக் கதவே எனக்கு உத்தமமாகப் படுகிறது. கொசு வலையும் காற்றைக் கணிசமாகக் குறைத்து விடும். நாலு புறமும் நெல் வயல் சூழ்ந்த ஊரில் வலை இல்லாமல் முடியாது. ஆகையால் ஜன்னலைத்தான் பெரிதாக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு விஷயம். மாயவரத்தில் சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரைக்கும் நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறான். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நினைத்து அங்கே ஜன்னலுக்கு மேல் சன்-ஷேடு வைக்காமல் விட்டு விடாதீர்கள். ஐப்பசி மழையும் அந்தப் பக்கமிருந்துதான் சாய்ந்து அடிக்கும். மேற்குச் சுவரை மாடிப்படிக்கும் குளியலறைக்கும் சாமான் உள்ளுக்கும் ஒதுக்கி விடுங்கள். அந்தச் சுவர் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்குக் கக்கும். அதன் பக்கத்தில் கட்டிலைப் போட்டால் தூக்கம் வந்த மாதிரிதான்.

இனி நம்முடைய ராஜ்யத்துக்கு வருவோம். அடுக்களைக்கு அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு என்று வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று தாளிப்பு நெடியை வெளியே தள்ளிக்கொண்டு போகும், மிகவும் சரி. ஆனால் சாயங்காலக் கடற்காற்றும் ஐப்பசிக் காற்றும் அதே மிளகாய் நெடியைத் திருப்பிக் கூடத்துக்குள் கொண்டுவந்து விடும். ஆகவே எக்ஸாஸ்ட் ஃபேனைக் கிழக்குச் சுவரில் வைத்து எதிர்காற்றோடு மல்லுக்கு நிற்க விடாதீர்கள். தெற்குச் சுவரில், அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி வையுங்கள். அது ஓடும்போது பக்கத்து ஜன்னலைச் சாத்தி, தூரத்துக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் ஃபேன் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விட்டுக் கொண்டிருக்கும். அடுப்புப் புகை அடுப்பு மேலேயே நிற்கும்.

புகைக்கு உயரத்தில் வழி என்றால், காஸுக்குத் தாழ்வில் வழி வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர்போல் தரையில் பரவித் தேங்கும். சிலிண்டர் வைக்கும் இடத்தில், தரையை ஒட்டி, வெளிச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குத் துவாரம் விட்டு, எலியும் பூச்சிகளும் நுழையாதபடி உறுதியான வலை அடிக்கச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் தாழ்வாக எந்த ப்ளக்கும் ஸ்விட்சும் வேண்டாம். நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது. ஸ்விட்சுக்குள் தெறிக்கும் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள்.

அடுக்களைக்கு நடுக்கூரையில் ஒரே ஒரு விளக்கு! இதை யார் கண்டுபிடித்தார்களோ! மேடை சுவரோரம் இருக்கிறது. விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால். கீரையில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தால் உங்கள் நிழலே கீரை மேல் விழுகிறது. மேடைக்கு நேர் மேலே, அலமாரியின் அடியில், ஒன்றரை அடிக் குழல் விளக்கு ஒன்று வையுங்கள். முன்பு 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இப்போது 9 வாட் எல்.இ.டி. தந்து விடுகிறது. இரண்டு விளக்குக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது ப்ளக். கோயமுத்தூரில் 1955-இல் மின்சாரக் கிரைண்டர் பிறந்ததிலிருந்து ஆட்டுக்கல் மெள்ள மெள்ளக் கொல்லைக்குப் போயிற்று. 2011-இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் குடும்பங்களுக்கு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. மூன்று யந்திரம் கொடுத்தார்கள். மூன்று ப்ளக் கொடுக்கவில்லை! ஒரே ப்ளக் வைத்த பழைய அடுக்களைகளில் அன்று புகுந்த வயர்ப் பலகைகள் இன்னும் வெளியே போகவில்லை. இன்றைக்கு எண்ணிப் பாருங்கள்: மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிஜ், குடிநீர் யந்திரம், இண்டக்ஷன் அடுப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன். எட்டு ப்ளக்குக்குக் குறைந்தால் நீங்கள் சண்டை போடலாம்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை அல்ல. யந்திரத்தின் பின்னால் எழுதியிருக்கும் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 750 வாட் மிக்ஸிக்கு மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல். 6 ஆம்பியர் சின்ன ப்ளக் போதும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்புக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் பெரிய ப்ளக்தான். இண்டக்ஷனையும் மைக்ரோவேவையும் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலையும் ஒரே லைனில் மாட்டி மூன்றையும் ஓட்டினால் 20 ஆம்பியரைத் தாண்டி விடும். வயர் சுவருக்குள்ளேயே சூடேறும். "அடுக்களைக்குப் பெரிய ப்ளக் லைன் இரண்டு, மெயினிலிருந்து தனித்தனியாக" என்று வயர்மேனிடம் சொல்லுங்கள். இவ்வளவு சொன்னால் அவர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார்!

இப்போது கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஈரக் கையும் ஈரத் தரையும் வெறுங்காலும் சேர்ந்திருக்கும் இடம் அடுக்களை. மின்சாரம் அடிப்பது பெரும்பாலும் பெண்களை அங்கேதான் காத்துக் கொண்டிருக்கிறது. "எம்.சி.பி. போட்டிருக்கிறோம், பயமில்லை" என்பார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மார்பின் வழியே ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஓடினாலே உயிர் போகலாம்! ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு சாதனம். போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்ததா என்று அது சதா கணக்குப் பார்க்கிறது. யார் உடம்பு வழியாகவாவது 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, தரைக்குப் போனால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்து விடும். வாங்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 100, 300 என்றெல்லாம் கிடைக்கும். அவை ஆளைக் காப்பாற்றுவதற்கல்ல.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. வயர்மேன் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மெயின் லைனின் நியூட்ரலையும் அவசரத்தில் ஒன்றாக முறுக்கி விடுவார். அப்போது அந்தச் சாதனம் காரணமில்லாமல் விழுந்து கொண்டே இருக்கும். "அம்மா, இது தொல்லை; எடுத்து விடலாமா?" என்பார். எடுக்கவே விடாதீர்கள்! பிரித்துக் கட்டச் சொல்லுங்கள்.

எர்த்தும் அப்படித்தான். மூன்று முள் ப்ளக்கில் ஒரு முள் மட்டும் ஏன் நீளம்? சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. அந்த முள்ளுக்குப் பின்னால் பச்சை வயர் இருக்கிறதா, அது கொல்லையில் புதைத்த எர்த்துக் குழிக்குப் போகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். டெல்டாக் களிமண் மழைக்காலத்தில் நல்ல ஈரமாக இருக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து விடும். பங்குனி, சித்திரையில் துளசிக்கு விடுகிற கையோடு எர்த்துக் குழிக்கும் ஒரு குடம் விடலாம்.

ப்ளக் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? வழக்கமாகக் கூடத்திலும் படுக்கை அறையிலும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்து விடுகிறார்கள். பார்வைக்கு அழகுதான். 2022 நவம்பரில் மாயவரத்துக்குப் பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டி மீட்டர் மழை கொட்டியதே, நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தால் ஓரடி உயரத்து ப்ளக் எங்கே இருக்கும்? கீழ்த் தளத்தில் எல்லா ப்ளக்கும் மூன்றரை அடிக்கு மேல் என்று கண்டிப்பாகச் சொல்லி விடுங்கள். முழங்கால் வலிக்கிற மாமியாரும் குனியாமல் போட்டுக் கொள்வார். தவழ்கிற குழந்தையும் விரலை விடாது. மெயின் பலகை அதற்கும் மேலே. கீழ்த் தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருந்தால், கீழே தண்ணீர் ஏறும்போது அதை மட்டும் நிறுத்திவிட்டு மாடியில் விளக்கோடு இருக்கலாம்.

விளக்கே இல்லாத நாட்களும் உண்டல்லவா? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் வாரக் கணக்கில் இருளில் கிடந்தன. 2012-இல் புயலே இல்லாமல், சென்னைக்கு வெளியே தினம் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அந்த வருஷம் முற்றம் வைத்த வீட்டுக்காரர்கள் தூங்கினார்கள். ஜன்னல் திறக்காத அறைக்காரர்கள் மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிக் கொண்டு போனார்கள். இன்வெர்ட்டர் இன்று வாங்காவிட்டாலும் அதற்கு லைனை இப்போதே பிரித்து வைத்து விடுங்கள்: அறைக்கு ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, அடுக்களை மேடை விளக்கு, படிக்கட்டு விளக்கு. மின்விசிறி வாங்கும்போது பழைய 75 வாட்டுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. வகை வாங்கினால் அதே பாட்டரி இரண்டு மடங்கு நேரம் தாக்குப் பிடிக்கும். கொக்கியைக் கட்டில் வரும் இடத்துக்கு நேரே வையுங்கள். மின்விசிறி அறையைக் குளிர வைப்பதில்லை. மேலே காற்றுப் பட்டால் வேர்வை உலர்கிறது, அவ்வளவுதான். விளக்கு அதற்கு மேலே இருந்தால் வெளிச்சம் துடித்துக் கொண்டே இருக்கும்.

இதெல்லாம் நினைவில் நிற்குமா என்று கவலைப்பட வேண்டாம். ஒரு சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு பூசாத வீட்டுக்குள் போங்கள். தரையில் கட்டிலையும் பீரோவையும் சாப்பாட்டு மேஜையையும் கோடு போட்டு வரையுங்கள். விடியற்காலை எழுந்திருப்பதிலிருந்து ஆரம்பித்து, ஒரு நாளை அங்கேயே நடித்துப் பாருங்கள். கதவைத் திறக்கிறீர்கள், கை எங்கே போகிறது? அங்கே ஸ்விட்ச். திறந்த கதவுக்குப் பின்னால் அல்ல! மாடிப்படி ஏறுகிறீர்கள்; கீழே போட்ட விளக்கை மேலே அணைக்க வேண்டும்; அதற்கு இரட்டை வழி ஸ்விட்ச். படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கு ராத்திரி எழுந்து போகும் பாட்டிக்கு வழியில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன விளக்கு. தையல் யந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இடது பக்கம் ஜன்னல். செல்போனுக்குத் தலைமாட்டில் ஒரு ப்ளக். குறித்த இடத்திலெல்லாம் சுவரில் சாக்குக் கட்டியால் பெருக்கல் குறி போட்டு விடுங்கள்.

குழாய் பதித்த அன்று சாயங்காலம், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு நவராத்திரிக்குத் தோரணம் கட்ட ஆணி அடிக்கும்போது வயர் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம் சொல்லும். எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று வயர்மேனையே ஒரு காகிதத்தில் தமிழில் எழுதச் சொல்லி மெயின் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி விடுங்கள். அதே பெட்டியில் ஆர்.சி.சி.பி.யின் மேல் 'டி' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதப் பிறப்பன்று கோலம் போட்டுவிட்டு வந்ததும் அதை ஒரு தடவை அழுத்துங்கள். வீடு முழுவதும் இருண்டால் அது விழித்திருக்கிறது என்று அர்த்தம். இருளாவிட்டால் அன்றைக்கே வயர்மேனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.